இரு புள்ளிகளுக்கு இடையே: பொழுதுபோக்கு மின்னணுச் சுற்றுகளில் பழுது தேடும் முறை

பொழுதுபோக்காக மின்னணுச் சுற்றுகளை அமைப்போர் சந்திக்கும் பழுதுகளில் மிகப் பல ஒரே ஊகத்திலிருந்து பிறக்கின்றன. அடாப்டரின் முனையில் இருக்கும் மின்னழுத்தமே ஐசியின் காலிலும் இருக்கும் என்பதே அந்த ஊகம். மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையே ஒரு குறிப்பிட்ட கணத்தில் நிலவும் வேறுபாடு. ஆகவே 'இங்கே 5 வோல்ட் வருகிறது' என்று சொல்லும்போது, எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் இடையே, எந்தக் கணத்தில், எவ்வளவு மின்னோட்டம் பாயும் நிலையில் என்னும் மூன்று கேள்விகளும் விடையின்றியே நிற்கின்றன. இம்மூன்றுக்கும் விடை காணாமல் நிரலைத் திருத்துவதும் உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவதும் பணத்தையும் பொறுமையையும் ஒருசேரக் கரைக்கும் வழிகள்.

ஒரு நடைமுறைச் சுற்றைக் கொண்டு இதை விளக்கலாம். இஎஸ்பி32 என்பது சிறு கணினியும் வைஃபை அலைபரப்பியும் ஒரே சில்லில் அடங்கிய நுண்கட்டுப்படுத்தி. அது பொருத்தப்பட்ட பலகை, மேசைமேல் கணினியோடு இணைந்திருக்கும்வரை ஒழுங்காக இயங்கிவிட்டு, சுவரில் மாட்டி ஒரு கைபேசி சார்ஜரிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் அவ்வப்போது தானாகவே மறுபடி தொடங்குவது மிகப் பரவலான பழுது. இந்தச் சில்லுக்கு 3.0 முதல் 3.6 வோல்ட் வரை தேவை. பலகையில் உள்ள 1117 வகை ரெகுலேட்டர், அதாவது மின்னழுத்தத்தைக் குறைத்து நிலைநிறுத்தும் பாகம், 5 வோல்ட்டை வாங்கி 3.3 வோல்ட்டைத் தருகிறது. அவ்வாறு தருவதற்கு அதன் உள்வாயில், வெளிவாயைவிடச் சுமார் 1.1 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். இந்தக் குறைந்தபட்ச இடைவெளி டிராப்அவுட் எனப்படும். எனவே ரெகுலேட்டருக்குள் 4.4 வோல்ட்டாவது நுழைந்தாக வேண்டும்.

இனி மறுமுனையிலிருந்து கணக்கிடலாம். சார்ஜர் சுமையேறிய நிலையில் 4.9 வோல்ட் தருகிறது என்று கொள்வோம். மலிவான யூஎஸ்பி கேபிள்களில் இருக்கும் 28 கேஜ் செப்புக் கம்பியின் மின்தடை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம், மின்னோட்டம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும் என்பதால் ஒரு மீட்டர் கேபிளின் மொத்த மின்தடை 0.43 ஓம் அளவில் நிற்கிறது. வைஃபை அலைபரப்பும் வேளையில் இஎஸ்பி32 மட்டுமே 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். திரையும் உணரிகளும் சேர்ந்து மொத்தம் 400 மில்லிஆம்பியர் ஆனால், கேபிளிலேயே 0.17 வோல்ட் போய்விடுகிறது. பல பலகைகளின் நுழைவாயிலில், மின்னோட்டம் கணினிக்குத் திரும்பிப் பாயாமல் தடுக்க வைத்திருக்கும் ஷாட்கி டயோடு இன்னும் 0.3 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. எஞ்சுவது 4.43 வோல்ட், தேவையோ 4.4. கேபிள் இரண்டு மீட்டர் நீளமாகவோ, செருகுமுனை தேய்ந்து தளர்ந்ததாகவோ இருந்தால் அந்த நூலிழை இடைவெளியும் அற்றுப்போய், ஒவ்வோர் அலைபரப்பின்போதும் 3.3 வோல்ட் சரியத் தொடங்குகிறது. சரிவு ஆழமாகும்போது, சில்லுக்குள் இருக்கும் குறைமின்னழுத்தக் காவல் சுற்று தலையிட்டு அதை மறுதொடக்கம் செய்கிறது. சீரியல் மானிட்டரில் 'பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் டிரிகர்ட்' என்ற வரி தோன்றுவது இப்போதுதான். இந்தக் காவல் சுற்றையே நிரலில் ஒரு வரி எழுதி முடக்கிவிடலாம் என்னும் அறிவுரை பரவலாகக் கிடைக்கிறது. அதை ஏற்கவே கூடாது. முடக்கினால் சரிவு நீங்குவதில்லை. போதிய மின்னழுத்தமின்றி ஃபிளாஷ் நினைவகத்தில் எழுத முயன்று, சேமித்த தரவும் சிதைவதற்கான வாய்ப்பே கூடுகிறது.

இத்தகைய சரிவை மல்டிமீட்டரில் பார்த்தால் 3.3 வோல்ட் என்றே காட்டுவது தொடக்கநிலையினரைக் குழப்பும். சாதாரண மீட்டர் தன் எண்ணை நொடிக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே புதுப்பிக்கிறது. அலைபரப்பு நீடிப்பதோ சில மில்லிநொடிகள். அந்தச் சிறு பள்ளம் சராசரியில் மறைந்துவிடுகிறது. மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் மாறுவதை வரைபடமாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் இருந்தால் ஒரே பார்வையில் தெரியும். இல்லாதவர்கள் ஒரு மின்தேக்கியைக் கொண்டு சோதிக்கலாம். 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று தன் சேமிப்பிலிருந்து மட்டுமே 300 மில்லிஆம்பியரை ஒரு மில்லிநொடிக்குத் தந்தால், அதன் மின்னழுத்தம் 0.3 வோல்ட்தான் குறையும். பலகையின் 5 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே, துருவம் மாறாமல், அதை இணைத்ததும் பழுது மறைந்தாலோ கணிசமாகக் குறைந்தாலோ நோய் இன்னதென்று தெரிந்துவிடுகிறது. அதன்பின் மின்தேக்கியை மட்டும் மருந்தாக விட்டுவிடாமல், குட்டையான தடித்த கேபிளும் தரமான அடாப்டரும் தேடுவதே முறை.

கேபிள், செருகி, சுவிட்ச், பிரெட்போர்டு ஆகியவற்றுள் எது மின்னழுத்தத்தை விழுங்குகிறது என்று பிரித்தறிய, சுற்று இயங்கும்போதே ஒரே கம்பியின் இரு முனைகளிலும் மீட்டரின் இரு முட்களையும் வைத்து அளக்கும் வழி மிகச் சிறந்தது. சுற்று அமைப்போர் பலர் இதைச் செய்வதே இல்லை. கறுப்பு முள்ளைக் கிரவுண்டில் நிறுத்திவிட்டுச் சிவப்பு முள்ளை மட்டும் நகர்த்திக்கொண்டே போவது அவர்கள் பழக்கம். நல்ல கம்பியின் இரு முனைகளுக்கு இடையே சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 200 மில்லிவோல்ட் தெரிந்தால் இழப்பு அங்கேதான் நிகழ்கிறது. பீப் ஒலி எழுப்பும் கன்டின்யுட்டி சோதனை இந்தப் பணிக்குப் போதாது. பல மீட்டர்கள் சில பத்து ஓம் வரைக்கும் ஒலி எழுப்பும் என்பதால், 5 ஓம் மின்தடை கொண்ட மோசமான இணைப்பும் 'சரி' என்றே ஒலிக்கும். அதே இணைப்பில் அரை ஆம்பியர் பாய்ந்தால் 2.5 வோல்ட் காணாமல் போகும். மின்னோட்டம் பாயாதபோது இந்த இழப்பு தெரியாது. சுமையைக் கழற்றிவிட்டு அளந்த எண்களைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சுமையாக எதுவும் கைவசம் இல்லையெனில், 5 வோல்ட் வழியில் 10 ஓம், 5 வாட் மின்தடையத்தை இணைத்து அரை ஆம்பியரை இழுக்கவைத்து அளக்கலாம். மின்தடையம் நன்றாகச் சூடேறும், கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரவுண்டைப் பற்றிய எண்ணமும் திருத்தம் பெற வேண்டியதே. கிரவுண்டு எனப்படும் கறுப்புக் கம்பி எங்கும் பூச்சியம் வோல்ட்டாக இருப்பதாகச் சுற்றுப்படத்தில் வரையப்படுகிறது. மெய்யான கம்பிக்கோ மின்தடை உண்டு, அதன் வழியே திரும்பும் மின்னோட்டம் அதன் நெடுகிலும் மின்னழுத்தத்தை உண்டாக்கும். வெப்பத்தை அளக்கும் எல்எம்35 உணரி ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 10 மில்லிவோல்ட் தருகிறது. அந்த உணரியும் ஒரு சிறு மோட்டாரும் ஒரே ஜம்பர் வயர் வழியாகப் பலகையின் கிரவுண்டை அடைகின்றன என்றும், அந்த வயருக்கும் அதன் இரு முனைத் தொடுமுனைகளுக்கும் சேர்த்து 0.1 ஓம் மின்தடை இருக்கிறது என்றும் கொண்டால், மோட்டார் 200 மில்லிஆம்பியர் இழுக்கும்போது உணரியின் கிரவுண்டு 20 மில்லிவோல்ட் உயர்ந்து நிற்கும். அறையின் வெப்பம் மாறாதபோதே திரையில் 2 டிகிரி கூடிவிடும். நிரலில் இருபது அளவீடுகளின் சராசரியை எடுத்தாலும் இந்தப் பிழை அகலாது, ஏனெனில் மோட்டார் ஓடும்வரை அது நிலையாகவே இருக்கிறது. மோட்டாரின் திரும்பு கம்பியைத் தனியே நேராக அடாப்டரின் எதிர்முனைக்குக் கொண்டுபோய், உணரியின் கிரவுண்டைப் பலகையின் கிரவுண்டுக்குத் தனியே இழுத்து, இரண்டையும் ஒரே இடத்தில் மட்டும் சந்திக்கவைப்பதே இதற்குத் தீர்வு.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சர்வோ மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுப்பவர்கள், பேட்டரியின் எதிர்முனையைப் பலகையின் கிரவுண்டோடு இணைக்க மறந்துவிடுகிறார்கள். சமிக்ஞைக் கம்பி மட்டும் போயிருக்கும், அந்தச் சமிக்ஞையை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பது சர்வோவுக்குத் தெரியாது. மின்வழங்கிகள் இரண்டாக இருக்கலாம், கிரவுண்டு பொதுவாக இருந்தே ஆக வேண்டும்.

மின்வழங்கிக் காலே இணைக்கப்படாத ஐசி ஒன்று பாதி உயிரோடு இயங்குவதும் நேர்வதுண்டு. பல டிஜிட்டல் ஐசிகளின் உள்வாய்க் கால்களில், மிகை மின்னழுத்தத்திலிருந்து காக்க, மின்வழங்கிக் காலை நோக்கி ஒரு டயோடு உள்ளேயே அமைந்திருக்கும். மின்வழங்கி வயர் கழன்றிருக்கும்போது, உள்வாயில் வரும் 5 வோல்ட் சமிக்ஞை அந்த டயோடு வழியாக நுழைந்து ஐசியை ஓட்டத் தொடங்கும்; மின்வழங்கிக் காலில் அளந்தால் 4.3 வோல்ட் போல ஓர் எண் கிடைக்கும். சமிக்ஞை தாழும்போது ஐசியும் தடுமாறும். ஆகவே 5 இருக்க வேண்டிய இடத்தில் 4.3 தெரிந்தால் 'சற்றுக் குறைவு' என்று விட்டுவிடலாகாது. ஒரு சிலிக்கான் டயோடின் அளவான 0.6 அல்லது 0.7 வோல்ட் குறைவு, மின்னோட்டம் எந்த வழியாக வருகிறது என்பதையே அறிவிக்கும் அடையாளம்.

கணம் என்னும் கேள்வி ரிலே சுற்றுகளில் தெளிவான விடைகளைத் தருகிறது. ரிலே என்பது ஒரு கம்பிச்சுருளின் காந்த விசையால் திறந்து மூடும் சுவிட்ச். பரவலாகக் கிடைக்கும் 5 வோல்ட் நீல நிற ரிலேயின் சுருள் சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். அர்டுயினோ ஊனோவின் ஏடிமெகா328பி சில்லின் ஒரு காலுக்கு உச்ச வரம்பே 40 மில்லிஆம்பியர் என்பதால், இடையில் ஒரு டிரான்சிஸ்டர் கட்டாயம். பலகை தடுமாறுகிறது என்றால், எப்போது என்று கூர்ந்து கவனிக்க வேண்டும். ரிலே இழுக்கும் கணத்தில் தடுமாறினால் மின்வழங்கி சரிகிறது. ரிலே விடும் கணத்தில் தடுமாறினால், சுருளில் சேமித்திருந்த காந்த ஆற்றல் வெளியேற வழியின்றி நூறு வோல்ட்டையும் தாண்டக்கூடிய துடிப்பாக எழுகிறது என்று பொருள். சுருளின் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றை, அதன் வெள்ளிப் பட்டை நேர்முனையைப் பார்க்குமாறு இணைத்தால் அது அடங்கும். ரிலே தனியே இயங்கும்போது ஒன்றும் நேராமல், அதன் தொடுமுனையில் 230 வோல்ட் மோட்டாரோ குழல்விளக்கின் சோக்கோ இணைந்திருக்கும்போது மட்டும் தடுமாறினால், குற்றம் தொடுமுனையில் எழும் தீப்பொறியைச் சாரும். 100 ஓம் மின்தடையமும் எக்ஸ்2 வகையைச் சேர்ந்த 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக இணைந்த ஸ்னப்பர் அதற்கு மருந்து. வெளித்தோற்றத்தில் மூன்றும் ஒரே பழுதுதான். காரணமும் தீர்வும் வேறு வேறு.

இணைக்காமல் விடப்பட்ட உள்வாய் பூச்சியம் அன்று. கதவு மணிப் பொத்தானை அழுத்தாதபோதே நிரல் 'அழுத்தப்பட்டது' என்று எண்ணுவதற்கும், கையை அருகே கொண்டுபோனாலே எல்இடி மினுக்குவதற்கும் காரணம், எந்த மின்னழுத்தத்தோடும் கட்டுறாமல் காற்றில் நிற்கும் அந்தக் கால்தான். 10 கிலோஓம் மின்தடையம் ஒன்றால் அதை 5 வோல்ட்டுக்கோ கிரவுண்டுக்கோ இழுத்து நிறுத்த வேண்டும். ஏடிமெகா328பியில் 20 முதல் 50 கிலோஓம் வரையிலான உள்ளமைந்த இழுப்பு மின்தடை உண்டு, அதை நிரலில் இயக்கிக்கொள்ளலாம். இஎஸ்பி32-இன் 34 முதல் 39 வரையுள்ள கால்களில் அது கிடையாது என்பதால், ஊனோவில் இயங்கிய அதே பொத்தான் அங்கே வந்ததும் பித்துப்பிடித்ததுபோல் நடந்துகொள்ளும். 5 வோல்ட்டில் இயங்கும் எச்சி-எஸ்ஆர்04 தூரமானியின் எக்கோ காலை நேராக 3.3 வோல்ட் சில்லோடு இணைப்பதும் தவறு. இரு மின்தடையங்களைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பகிர்ந்து இறக்கியபின் இணைக்க வேண்டும்.

பிரெட்போர்டைப் பொறுத்தவரை, நீளமான பலகைகள் சிலவற்றில் ஓரத்து மின்வழிப் பட்டைகள் நடுவில் துண்டாகியிருக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும். சிவப்பு, நீலக் கோடுகள் இடையில் விட்டுப்போயிருப்பது அதன் அறிகுறி. சோல்டரிங் செய்த பலகைகளில் 'டிரை சோல்டர்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் குறை முதன்மையானது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கொண்ட கலவை 183 டிகிரியில் உருகும். ஆனால் பாகத்தின் காலும் செப்புத் தகடும் அந்த வெப்பத்தை எட்டாவிட்டால், உருகிய ஈயம் அவற்றோடு பிணையாமல் மேலே உருண்டையாக அமர்ந்துவிடும். இயங்கும் பலகையை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ அங்கங்கே மெல்ல அழுத்தும்போது பழுது தோன்றியும் மறைந்தும் போகுமானால், அந்த வட்டாரத்து இணைப்புகள் அனைத்தையும் ஃபிளக்ஸ் தடவி மறுபடி உருக்குவது பயன் தரும்.

மின்வழியும் கிரவுண்டும் உள்வாய்களும் ஐயமறத் தேறிய பின்னரே பாகங்களைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் பாகம் கெட்டது என்பதைவிட, பாகம் மாறியது அல்லது திரும்பியது என்பதே அடிக்கடி உண்மையாக இருக்கிறது. தட்டைமுகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், பிசி547 டிரான்சிஸ்டரின் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என அமையும். 2என்3904-இல் அவை எமிட்டர், பேஸ், கலெக்டர் என நேர் எதிராக இருக்கும். திருப்பிப் போட்ட டிரான்சிஸ்டர் முழுவதும் செயலிழப்பதில்லை, மிகக் குறைந்த பெருக்கத்தோடு அரைகுறையாக இயங்கும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம். அதுபோல ஐஆர்எஃப்540 போன்ற மாஸ்ஃபெட்களின் கேட் முனைக்கு 10 வோல்ட் கொடுத்தால்தான் அவை முழுதாகத் திறக்கும், 3.3 வோல்ட் காலிலிருந்து நேராக ஓட்டினால் பாதி திறந்து கடுமையாகச் சூடேறும். சூடேறிக் கருகிய மாஸ்ஃபெட்டை எடுத்துவிட்டு இன்னொரு ஐஆர்எஃப்540-ஐப் பொருத்தினால் அதுவும் அவ்வழியே போகும்.

அளக்கும் கருவியும் சோதனைக்கு உட்பட்டதே. உள்ளிருக்கும் 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால், மலிவான மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலான எண்களைக் காட்டக்கூடும், 5.0 வோல்ட் தர வேண்டிய அடாப்டர் 5.9 காட்டினால் முதலில் மீட்டரின் பேட்டரியைப் பார்க்க வேண்டும். மின்னோட்டம் அளக்கும் துளையில் செருகிய முள்ளை எடுக்காமலேயே அடுத்து மின்னழுத்தம் அளக்கப் போவது, மின்வழங்கியை நேரடியாகக் குறுக்கிணைப்பதற்கு ஒப்பாகும். மலிவான மீட்டர்களின் 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. மின்னோட்டத்தை அளந்து முடித்ததும் சிவப்பு முள்ளை வோல்ட் துளைக்கு மாற்றிய பின்பே மீட்டரைக் கீழே வைப்பது நல்ல பழக்கம்.

230 வோல்ட் நேராக நுழையும் எஸ்எம்பிஎஸ் வகை மின்வழங்கிகளில் இந்த முறைகளைத் தனியாகப் பழகத் தொடங்கக் கூடாது. அனுபவமுள்ளவர் அருகில் இருக்க வேண்டும். பழுது பார்த்த பலகைக்கு முதன்முறை மின்சாரம் தரும்போது, மெக்கானிக்குகள் நெடுங்காலமாகக் கையாளும் சீரிஸ் லாம்ப் முறையை, அதாவது 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைக்கும் முறையைக் கைக்கொள்ளலாம். பலகையில் குறுக்கிணைப்பு எஞ்சியிருந்தால் பல்பு பளிச்சென எரியும், பலகை தப்பும். 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட் என்பதால், பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் இவ்வகை மின்வழங்கிகளின் முதன்மை மின்தேக்கியில் அந்த அளவு நேர்மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். காப்பிட்ட பிடியுள்ள முனைகளோடு 10 கிலோஓம், 5 வாட் மின்தடையத்தை அதன் குறுக்கே சில நொடிகள் பிடித்து, அதன்பின் மீட்டரை 600 அல்லது 1000 வோல்ட் டிசி அளவில் வைத்து, மின்தேக்கியின் இரு கால்களுக்கு இடையே எண் பூச்சியத்துக்கு இறங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே பலகையைத் தொட வேண்டும்.